ஒரு சொல்லுக்காகவா என்று கேட்பவர்களுக்கு

குளச்சல் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்து, இப்போது நாகர்கோவிலில் வசிக்கும், நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. ஒன்றாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் தம்முடன் அமர்ந்து படித்த தோழி, 1996ஆம் ஆண்டில் ஒரு நாள், வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "இவ பக்கத்துல இருந்தா மீன் நாத்தம்" என்று சொன்னதாகவும், அன்று நின்ற பேச்சு இன்றுவரை தொடங்கவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். உடன்படித்தவர்களின் சந்திப்பு ஒன்று வரவிருக்கிறது. அதற்கு வரவேண்டும், தன்னோடு பேசவேண்டும் என்று அந்தத் தோழி இப்போது ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார். 'ஒரு சொல்லுக்காகவா இத்தனை வருடம்?' என்று வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் கேட்கிறார்கள். அவ்வளவு நெருக்கமான நட்பை ஒரே ஒரு சொல் முடித்துவிடுமா, அல்லது தம்முடைய மனம்தான் சிறியதா என்பது அவருடைய கேள்வி.

முடித்துவிடும். உங்கள் மனம் சிறியதும் அல்ல. நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையிலும், சிறுவயதில் இதே போன்ற ஒரு சொல்லை என் கூட்டுக்காரனை, என் நெருங்கிய நண்பனைப் பார்த்துச் சொன்னவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன். சொல்லப்பட்டவர்களின் நிலையை நீங்கள் அறிவீர்கள். சொன்னவனின் நிலையை நான் அறிவேன்.

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். மீனின் வாசம் நம் மாவட்டத்தில் எந்த வீட்டில் இல்லை? அதிகாலையில் உங்கள் அம்மா தலையில் கடவத்தைச் சுமந்து கரையிலிருந்து திங்கள்சந்தைப் பக்கம் நடந்து வந்து விற்ற சாளையும் அயிலையும்தான் அந்தத் தோழியின் வீட்டு அடுக்களையிலும் மதியத்துக்குள் கறியாகின. அவரே விடுமுறை நாள்களில் உங்கள் வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வீட்டு விளையிலிருந்து கொல்லாம்பழமும் அயினிச்சக்கையும் உங்களுக்காக வரும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அவர் சொன்னது மீனைப் பற்றியது அல்ல. மீன் அவருக்குப் பிடிக்கும். அதைச் சுமந்து வருகிறவர்களைப் பற்றி ஊர் வைத்திருந்த ஓர் எண்ணத்தைத்தான் அன்று அவர் வாய் சொன்னது. பழந்தமிழில் நாற்றம் என்பது பூவின் மணத்தையும் குறித்த சொல். சொல்லில் இயல்பாகவே நஞ்சு இருப்பதில்லை. யார், யாரை நோக்கி, யார் முன்னால் சொல்கிறார்கள் என்பதில்தான் அது ஏறுகிறது.

அதைவிட முக்கியமானது, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி: "அப்படியானால் எட்டு வருடமும் அவள் என் பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாளா?" கேள்விக்கான பதில் இந்த வரியிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. அறிமுகமில்லாத ஒருவர் வழியில் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் அன்றைய பொழுது மட்டும் கெட்டிருக்கும். தோழி சொன்னபோது கெட்டது, கடந்து போன எட்டு ஆண்டுகள். பகிர்ந்து தின்ற ஒவ்வொரு கவளமும், தோளில் கைபோட்டு நடந்த ஒவ்வொரு மாலையும், 'அப்போதும் இப்படித்தான் நினைத்திருப்பாளோ' என்ற ஐயத்துக்குள் போய்விட்டன. 'நீ திருடினாய்', 'நீ பொய் சொன்னாய்' என்று ஒருவர் குற்றம் சாட்டினால், இல்லை என்று மறுக்கலாம், சாட்சி சொல்லலாம், சண்டை போடலாம். 'உன் பக்கத்தில் இருக்க எனக்குக் கூசுகிறது' என்பதை எப்படி மறுப்பது? அது அவருடைய மூக்கு, அவருடைய மனம். அதற்கு எதிராக ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் கையில் எந்த வாதமும் இல்லை. எழுந்து போவது ஒன்றுதான் அவளால் முடிந்தது. நீங்கள் அதைச் செய்தீர்கள்.

இனி என்னுடையதைச் சொல்ல வேண்டும். குலசேகரம் பக்கம் எங்கள் ஊர். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன் எனக்குக் கூட்டுக்காரன். காலையில் அவன் வீட்டு முற்றத்தில் நான் நிற்பேன், மாலையில் என் வீட்டுத் திண்ணையில் அவன் இருப்பான். ஒரு நாள் ஆற்றில் குளித்துவிட்டு வரும் வழியில், யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையடித்து வாங்கிக்கொண்டு, தன் அப்பா ஆறு மாதம் வேலைக்கு வெளியூர் போயிருந்ததாக ஊரில் சொன்னது பொய் என்றும், அவரைத் திருவனந்தபுரத்தில் ஊளம்பாறையில் சேர்த்திருந்தார்கள் என்றும் சொன்னான். அங்கே மனநல மருத்துவமனை இருப்பதும், அந்த இடத்தின் பெயரையே நம்மூரில் கேலிக்குப் பயன்படுத்துவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. 1971ஆம் ஆண்டு, எனக்குப் பதின்மூன்று வயது. கைப்பந்து விளையாட்டில் ஒரு பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்ற தகராறில், அவன் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் அவன் பக்கம் நின்றபோது, நான் அவன் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னேன்: "ஊளம்பாறை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு அது எல்லோரும் சொல்லும் சாதாரணக் கேலி. அது என்னவென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர் மட்டுமே. அவன் பந்தைக் கீழே வைத்தான். சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். ஒரு வசைகூடத் திருப்பிச் சொல்லவில்லை. அதன் பின் பள்ளியில் மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். அவன் என்னிடம் பேசவில்லை.

கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று நான் நெடுங்காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. அந்தக் கணத்தில் அவனை எது வீழ்த்தும் என்று என் மனம் தேடியது, அவன் என்னை நம்பிச் சொன்னதால் அந்தப் பொருள் என் கைவசம் இருந்தது, எடுத்து எறிந்தேன். பகைவனுக்கு எங்கே அடிப்பது என்று தெரியாது. எங்கே தொட்டால் வலிக்கும் என்று நாமே காட்டிக்கொடுத்திருப்பது நண்பனுக்கு மட்டும்தான். இத்தகைய சொற்களில் கெட்ட வார்த்தைகளே பெரும்பாலும் இருப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 'லே, சவமே, மூதி' என்று நாள் முழுக்க ஒருவரையொருவர் வைதுகொண்டு அன்போடு வாழும் ஊர் நம்முடையது. அந்த வசைகளால் எந்த நட்பும் முறிந்து நான் பார்த்ததில்லை. முறிப்பவை ஓர் ஊரின் பெயரும், ஒரு மீனின் மணமும், தகப்பனின் தொழிலும்தான்.

ஏன் இது குறிப்பாகப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் இவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதையும் விளக்க வேண்டும். ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், ஏறத்தாழ எட்டரை வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் குழந்தைக்கு 'எனக்கென்று ஒருவர்' என்னும் ஒரு தேவை முதல்முறையாக எழுகிறது என்றார். அதுவரை விளையாட ஆள் இருந்தால் போதும். அதன் பின் தன் வயதொத்த, தன் பாலைச் சேர்ந்த ஒரே ஒரு சேக்காளி வேண்டும், அவருடைய மகிழ்ச்சி தன் மகிழ்ச்சி அளவுக்கு முக்கியமாகிறது. பெற்றோரின் அன்பு பிறப்பால் கிடைத்தது. இந்த அன்போ ஒருவர் நம்மை நாமாகப் பார்த்து, விரும்பித் தேர்ந்துகொண்டதால் கிடைத்தது. 'நான் விரும்பத்தக்கவள்தான்' என்பதற்கு வீட்டுக்கு வெளியே ஒரு பெண்குழந்தை பெறும் முதல் சாட்சி அந்தத் தோழி. அந்தச் சாட்சி மாற்றிப் பேசும்போது நட்போடு சேர்ந்து அந்த நம்பிக்கையும் விழுகிறது. இதனுடன், வளரிளம் பருவத்தினர் தங்களை எப்போதும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்கிறார்கள் என்று டேவிட் எல்கைண்ட் 1967இல் எழுதியதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த வயதுக்கு நாற்பது பேர் இருக்கும் வகுப்பறை, உலகம் முழுவதும் கூடியிருக்கும் இடம்.

இன்னொரு காரணம் உண்டு. இது எந்த நூலிலும் படித்ததல்ல, பள்ளிகளில் நான் கண்டது. சிறு வகுப்புப் பிள்ளைகள் நாளுக்கு நான்கு முறை 'காய்' விடுவார்கள், நான்கு முறை 'பழம்' விடுவார்கள். பெரியவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் அதற்குள் எவ்வளவு பெரிய அறிவு இருக்கிறது! யார் தவறு செய்தவர் என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. மன்னிப்பு என்ற சொல்லே தேவையில்லை, விரலை நீட்டினால் போதும். முதலில் நீட்டியவருக்கு இழிவு இல்லை. இடையில் தூது போகவும் ஒரு பிள்ளை எப்போதும் இருக்கும். ஆறாம், ஏழாம் வகுப்புக்கு வந்ததும் அது சின்னப்பிள்ளைத்தனம் என்று வெட்கப்பட்டுக் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த இடத்தில் வேறு எதையும் நாம் அவர்களுக்குக் கற்றுத் தருவதில்லை. ஆண்பிள்ளைகள் "வாலே, சாயா குடிப்போம்" என்று தோளைத் தட்டிச் சாதாரணப் பிணக்கங்களைத் தீர்த்துக்கொள்கிறார்கள். ஆழமான காயத்துக்கு அது போதாது. மிகக் கொடிய சொல்லைச் சொல்லும் திறமை வந்துவிட்ட வயதில், அதைத் திரும்பப் பெறும் வழி மட்டும் இல்லாமல் போகிறது. நானும் அந்த மூன்று ஆண்டுகளில் எத்தனையோ முறை அவனை நோக்கி நடந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பியிருக்கிறேன்.

ஆகவே 'ஒரு சொல்' என்று எண்ணுவதே கணக்குப் பிழை. உங்களுக்கு நிகழ்ந்ததை நீங்கள் எழுதியபடியே எண்ணிப் பாருங்கள். அவர் சொன்னார்; வகுப்பு சிரித்தது; மறுநாள் முதல் அதுவே உங்கள் வட்டப்பெயர் ஆயிற்று; நீங்கள் கடந்து போகும்போது பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள்; ஆண்டு முடியும் வரை அது நடந்தது. அத்தனை நாளும் உங்கள் தோழி அங்கேதான் இருந்தார். 'போதும், நிறுத்துங்கள்' என்று அவர் ஒரு நாள் சொல்லியிருந்தால், அல்லது மூக்கைப் பொத்தாத கையால் உங்கள் கையை ஒரு முறை பிடித்திருந்தால், முதல் நாளின் சொல் வாய்த்தவறாகக் குறைந்திருக்கும். அவர் பேசாமல் இருந்த ஒவ்வொரு நாளும் அந்தச் சொல்லை மறுபடியும் சொன்னதற்குச் சமம். இருநூறு நாள் சொல்லப்பட்டதை ஒரு சொல் என்று உங்கள் வீட்டார் எண்ணுகிறார்கள்.

தோழியின் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். அந்தச் சொல் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி கண்டுபிடித்தது அல்ல. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நீளும் கடற்கரைக்கும், அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் தொடங்கும் உட்பகுதி ஊர்களுக்கும் இடையில் நெடுங்காலமாக ஒரு கோடு இருந்துவருகிறது. 1982இல் மண்டைக்காட்டில் வெடித்த கலவரம் அதை மேலும் ஆழமாக்கியது. நீங்கள் இருவரும் அந்தக் காலத்தையொட்டிப் பிறந்தவர்கள். அவர் வீட்டுத் திண்ணையில், உங்கள் அம்மா மீனைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிய பின் பெரியவர்கள் என்ன பேசினார்கள் என்பதை அவர் கேட்டே வளர்ந்திருப்பார். குழந்தைக்கு அப்போது அது பொருள் தெரியாத பேச்சு. கோபம் வந்த நாளில் அதுவே கைக்கு எட்டும் கருவி. இந்தச் சொல் நம் மாவட்டத்தில் இன்றும் சாகவில்லை. 2021 டிசம்பரில், மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு முதிய பெண்மணியை, நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிக் குளச்சலில் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று அழுதபடி நியாயம் கேட்ட காட்சி நாடெங்கும் பரவியது; முதலமைச்சரே வருத்தம் தெரிவித்தார்; ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த அன்று இரவு நீங்கள் உறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு வியப்பில்லை.

சொல் கடன் வாங்கியது என்பதால் சொன்னவரின் பொறுப்பு நீங்கிவிடாது. எந்தக் குழந்தையும் கேட்ட எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை, தேர்ந்துதான் சொல்கிறது. ஆனால் அந்த எண்ணத்தை அவர் வேண்டுமென்றே எட்டு ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார் என்று நீங்கள் அஞ்சத் தேவையில்லை என்பதற்காகவே அது கடன் வாங்கிய சொல் என்று கூறுகிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு உங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்த குழந்தை மரச்சீனியை இரண்டாம் முறை கேட்டிருக்காது. அந்த எட்டு ஆண்டுகள் பொய்யல்ல என்றே நான் நம்புகிறேன். ஊளம்பாறை என்று சொன்ன நானும் அதற்கு முந்தைய நாள் வரை அவனுக்காக எதையும் செய்திருப்பேன்.

சுனாமிக்குப் பிறகு நடந்ததைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26க்குப் பின், நீங்கள் குடும்பத்தோடு பள்ளிக்கூடம் ஒன்றில் முகாமில் இருந்தபோது, அந்தத் தோழி அரிசியும் துணியும் எடுத்துக்கொண்டு வந்தார். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். 'அவ்வளவு பெரிய சாவைப் பார்த்த பிறகும் உனக்கு வீம்பா' என்று உங்கள் அத்தையே கேட்டார். இதில் நான் உங்கள் அத்தையோடு உடன்படவில்லை. அவர் நல்லெண்ணத்தோடு வந்திருப்பார், ஐயமில்லை. ஆனால் அவர் அரிசியைக் கொண்டு வந்தார், அந்தச் சொல்லைக் கொண்டு வரவில்லை. கொடுப்பவர் இடத்தில் அவரும் வாங்குபவர் இடத்தில் நீங்களும், அதுவும் பலர் பார்க்க, நின்ற அந்த நேரத்தில், பழைய வகுப்பறைதான் உங்களுக்கு மறுபடி தெரிந்திருக்கும். சொல்லால் செய்ததைப் பொருளால் ஈடுசெய்ய முடியும் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். கல்யாணத்துக்கு அழைப்பார்கள், சக்கை கொடுத்தனுப்புவார்கள், பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள், அந்த நாளைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்கள்.

நானும் அப்படியே ஆண்டுகளைக் கடத்தினேன். 1994இல் ஒரு நாள், அவன் விடுமுறையில் ஊருக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். முற்றத்தில் நாற்காலி எடுத்துப் போட்டான், சாயா வந்தது, மழையைப் பற்றியும் ரப்பர் விலையைப் பற்றியும் பேசினோம். எழுந்து வந்துவிடலாம் என்றுதான் இருந்தது. பிறகு அந்தச் சொல்லையே வாய்விட்டுச் சொன்னேன்: "அன்னைக்கு நான் ஊளம்பாறைன்னு சொன்னது உன் அப்பாவைத்தான். தெரிஞ்சேதான் சொன்னேன்." அவன் நெடுநேரம் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு ஒன்றே ஒன்று கேட்டான்: "வேற யாரிட்டயாவது சொன்னியாலே?" இல்லை என்றேன். இருபத்து மூன்று ஆண்டுகளாக அவன் சுமந்தது என் சொல் தந்த வலியை மட்டும் அல்ல. ஊரில் எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருக்குமோ என்ற அச்சத்தையும்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மூன்று ஆண்டுப் பள்ளி நாள்களில் ஒரு முறை, வேறு யாரிடமும் சொல்லவில்லை என்று நான் அவனிடம் சொல்லியிருந்தால் அவ்வளவு காலம் அவன் அப்படி நடந்திருக்க வேண்டாம். நாங்கள் மறுபடி பழைய கூட்டுக்காரர்கள் ஆகவில்லை. என் மகள் திருமணத்துக்கு வந்தான். முன்வரிசையில் உட்காராமல், உண்டு, என் கையைப் பிடித்துவிட்டுப் போனான். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இப்போது உங்கள் முன்னால் இருக்கும் முடிவுக்கு வருகிறேன். மன்னிப்பதும் மறுபடி நட்பாவதும் வெவ்வேறு செயல்கள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைச் செய்யாமல் இருக்கலாம், எதையும் செய்யாமலும் இருக்கலாம். 'அவளே இறங்கி வந்துவிட்டாள், நீ ஏன் பிடிவாதம் பிடிக்கிறாய்' என்று வற்புறுத்துகிறவர்கள், உங்களை மறுபடியும் பலர் முன்னிலையில் நிறுத்தப் பார்க்கிறார்கள் என்பதை அவர்களே அறிய மாட்டார்கள். அந்தச் சந்திப்புக் கூட்டத்தில் அவரை முதலில் சந்திக்காதீர்கள் என்பது என் திடமான கருத்து. அங்கே அன்று சிரித்த நாற்பது பேரும் இருப்பார்கள், கட்டிப்பிடிக்கச் சொல்வார்கள், படம் எடுப்பார்கள். உங்களுக்குப் பேச விருப்பம் இருந்தால், அவரைத் தனியே உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அவர் மறந்திருக்கலாம் என்பதற்கும் மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள். சொல்லப்பட்டவர் நினைவில் வைத்திருக்கும் அளவுக்குச் சொன்னவர் வைத்திருப்பதில்லை. மறந்திருந்தால் நினைவூட்டுவது உங்கள் கடமை அல்ல.

வந்தவர் அந்த நாளை, அந்தப் பெஞ்சை, அந்தச் சொல்லைத் தாமே தம் வாயால் எடுக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். எடுத்தால், உங்களுக்குள் இத்தனை ஆண்டுகளாக இருக்கும் அந்தக் கேள்வியை, மூச்சை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாயா என்பதை, அவரிடமே கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். எடுக்காமல், உங்கள் அம்மா வைத்த மீன்கறியின் ருசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், சாயா கொடுத்து அனுப்பிவிடுங்கள்.